மழை படாத வண்டி

விளம்பரத்தை வெர்லின்தான் எழுதினார்.
ஆறே வரி. மூன்று நாள் ஆயிற்று.
அறுபத்தைந்தாம் வருடத்துக் கார்வெட், கூரை மடங்கும்,
பச்சை, எஞ்சின் பிறந்தபோது வந்த அதே எஞ்சின்,
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மைல்.
மழையில் நனைந்ததே இல்லை.
கடைசி வரியை அடித்துவிட்டு
மறுபடி எழுதினார், இன்னும் பெரிய எழுத்தில்.

வாங்க வந்தவர் லோவெல் காஸ்பர்.
அயோவாவிலிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்டி
டுலூத் வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர்.
அட்டையை விரித்து மல்லாந்து படுத்து
சின்ன டார்ச்சும் குச்சிக் கண்ணாடியுமாய்
அடிவயிற்றை ஆராய்ந்தார்.
'வாயைத் திற' என்று சொல்லாததுதான் பாக்கி.
காந்தம்கூட வைத்திருந்தார்.
சட்டத்தில் ஒட்டியது.
கதவில் வைத்தார், நழுவித் தரையில் விழுந்து உருண்டது.
"கண்ணாடி இழை" என்றார் வெர்லின்
தன் கையால் நெய்த மாதிரி.

டிரைவர் பக்கம், கம்பளத்தில்
தட்டு அளவுக்கு ஒரு வெளிறல்.
இது என்ன?
"துணியின் குணம்" என்றார் வெர்லின்.
அதைத்தான் எல்லோரிடமும் சொல்வார்.

டாக்டர் மைல் எண்ணைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.
"தூங்கியே கழித்திருக்கிறது, பாவம்."

அந்தப் பாவம்தான்.
அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்
நான் காப்பி ஊற்றப் போயிருப்பேன்.

எண் பொய் சொல்கிறது என்றேன்.

வியாழக்கிழமைகளில் இவருக்கு இரவு வேலை,
இரும்புத் தாதுத் துறையில்.
கோடை முழுக்க, பதினெட்டு வருடம்.
ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் ஒரு கேபிள்.
திருகைக் கழற்றக் கைவிரல் போதும், குறடு வேண்டாம்.
கழற்றிவிட்டால் மைல் ஏறாது.
முள்ளும் எழாது, பூஜ்யத்தில் கிடக்கும்.
டூ ஹார்பர்ஸ் வரை ஏரியை ஒட்டிப் போவேன்,
கூரை திறந்து,
எந்த வேகம் என்று எனக்கே தெரியாமல்.
காதில் காற்று இரைவதை வைத்து ஒரு கணக்கு.
அங்கே பெட்ரோல் போடுவேன்,
இவர் விட்டுப்போன கோட்டுக்கு முள் சரியாக வரும்வரை,
வீடு திரும்பச் செலவாகும் அளவையும் சேர்த்து.
வரும்போது துறையின் விளக்குகள் தெரியும்.
அதில் ஒன்றின் அடியில் இவர்.
கையாட்டியிருக்கிறேன் சில தடவை.

ஆறு மணிக்கு இவர் வருவதற்குள்
எஞ்சின் ஆறிவிடும், நான் ஆற மாட்டேன்.

காதலனா என்று கேட்கவில்லை யாரும்.
கேட்டிருந்தால் என்ன சொல்வேன்?
விளக்குக் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி
ஒரு சாண்ட்விச் தின்பேன். அவ்வளவுதான் ஊழல்.

டாக்டர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்.
"இன்னொரு பதினெட்டாயிரம்" என்றார்.
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
"நாலாயிரம் டாலர் குறைத்துக்கொள்ளலாமா?"

அரை டாலர் திருகாணிக்கு அரை மணி நேரம்
பேரம் பேசுகிற மனிதர் வெர்லின்.
வாய் திறக்கவில்லை.
அவர் கையில் இருந்த மெழுகுத் துணி மட்டும்
மடிந்து மடிந்து சின்னதாகிக்கொண்டிருந்தது.
கேட்பார் என்று நினைத்தேன், ஏன் ஆர்டிஸ் என்று.
பதிலும் வைத்திருந்தேன், நல்ல பதில்,
முப்பது வருடம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது.

அவர் கேட்டது: "மழையிலுமா?"

ஒரு தடவை. தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.
கூரையைப் போட நேரம் இருந்தது.
போடவில்லை.

முட்டி நோவுக்கு முனகியபடி
கதவைப் பிடித்துக் குனிந்தார்.
அந்த வெளிறலின் மேல் உள்ளங்கையை வைத்தார்,
இன்னும் ஈரமா என்று பார்ப்பவர்போல.

"நாலாயிரம் சரி" என்றார், எங்களைப் பார்க்காமலே.