வண்டிக்கா, ஆளுக்கா

என் கடையில் இரண்டு அலமாரி.
ஒன்றில் தேன்மெழுகு.
மற்றதில் பீங்கானும் இரும்பும்.
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்,
சாந்தேலி.
கோயில் மணலில் குத்திவைக்கும் மெழுகுவத்தியும் சாந்தேலி,
என்ஜின் தலையில் முறுக்கும் ஸ்பார்க் ப்ளக்கும் சாந்தேலி.
ஸெஸ்தபோனியில் யார் வந்து கதவைத் தள்ளினாலும்
நான் வாய் திறப்பது இப்படித்தான்:
"வண்டிக்கா, ஆளுக்கா?"

நவம்பர் முப்பது.
ரிகோதிக் கணவாயில் பனி.
லாரிகளை அடிவாரத்திலேயே மறித்துவிட்டார்கள்.
கடை அடைக்கும் நேரத்துக்கு
ஒரு நீவா இருமிக்கொண்டே வந்து
வாசலில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.
இறங்கியவன் அவ்தாந்தில்.
சுருக்கிக் கூப்பிட்டால் அவ்தோ; காரையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
அந்தப் பகடிக்கெல்லாம் அன்று அவனுக்கு நேரமில்லை.
"நாலு சாந்தேலி."
"வண்டிக்கா, ஆளுக்கா?"
"முதல்ல வண்டிக்கு."

அம்மா விட்டுப்போனது ஒரு வண்டி, இரண்டு பிள்ளைகள்.
ஒற்றை மாதம் இவனுக்கு.
இரட்டை மாதம் ஹஷூரியில் இருக்கிற அண்ணன் தெங்கிஸுக்கு.
நள்ளிரவுக்குள் வண்டியை அங்கே விட்டு
சாவியை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு
பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும்.
ஐந்து வருடமாக
வேலிக் கம்பியோடுதான் பேச்சு.

பழைய ப்ளக்குகளைக் கழற்றிக் கொண்டுவந்தான்.
மற்ற பெண்கள் காப்பிக் கசடில் பார்ப்பதை
நான் ப்ளக் நுனியில் பார்ப்பேன்.
என்ஜின் வெடிக்கும் வரிசையிலேயே துணியில் கிடத்தினேன்:
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று கரிப்பிடித்திருந்தது. சோக்கை இழுத்தவன் மறந்திருக்கிறான்.
மூன்றில் எண்ணெய்க் கசிவு. ரிங் தேய்ந்திருக்கும், அது இன்றைய கவலையில்லை.
நான்கு நல்ல பழுப்பு.
இரண்டாவதை விளக்கடியில் திருப்பியபோதுதான் கண்டேன்:
பக்கக் கம்பியின் கழுத்தில் மயிரிழை விரிசல்.
உள்பக்கம் குறடு பட்ட தழும்பு,
வெளிப்பக்கமும் தழும்பு.

"இதை யார் இப்படி வளைத்தது?"
"நான் முக்கால் மில்லிமீட்டர் வைப்பேன். அவன் அரையாக்கிவிடுவான்.
திரும்ப நான் திறப்பேன்."
"அரை, பிளாட்டினம் பாயிண்ட் காலத்துக் கணக்கு ஆயிற்றே?"
"மூன்று வருஷம் முந்தியே எலெக்ட்ரானிக் மாட்டிவிட்டேன்."
"அதை அவருக்குச் சொல்லவில்லையா?"
அவன் ஃபீலர் கேஜின் தகடுகளை
விசிறிபோல் விரித்தான், மூடினான்.
"யார் சொல்வது?"

நான்கிலும் முக்கால் வைத்துக் கொடுத்தேன்.
காலி அட்டைப்பெட்டியில் பென்சிலால் எழுதினேன்:
முக்கால். கை வைக்காதே.
"யாருக்கு எழுதுகிறாய்?"
"டிசம்பருக்கு."
பெட்டியை டாஷ்போர்டு அறைக்குள் எறிந்தான்.
சாவியைத் திருப்பிய முதல் திருப்பிலேயே
நான்கும் பிடித்தன, வாசல் பனி அதிர.
முதல்ல வண்டிக்கு என்றவன்
அடுத்ததை மறந்தே போய்விட்டான்.

டிசம்பர் முப்பத்தொன்று.
அதே நீவா, அதே காதுகள், ஆள் வேறு.
மேசையில் பெட்டியை வைத்தார்.
என் எழுத்துக்குக் கீழே
அழுத்தி எழுதிய ஒரு சொல்: ஏன்?
"இது உன் கையெழுத்தா?"
சொன்னேன். பாயிண்ட் இப்போது இல்லை,
காயில் புதியது, பொறிக்குப் பலம் கூடியிருக்கிறது,
அது தாவ அகலம் வேண்டும்,
நீங்கள் ஒவ்வொரு முறையும் நெருக்கிவிடுகிறீர்கள்.
வெளியே போனார்.
பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்,
டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார்.
தலையெல்லாம் பனியோடு உள்ளே வந்தார்.

"அவன் என்ன வாங்கினான்?"
"சாந்தேலி."
"எது?"
"வண்டிக்கு மட்டும்."
தேன்மெழுகு அலமாரிப் பக்கம் பார்த்தார்.
"அம்மாவுக்கு" என்றார்.
பிறகு,
"ஆளுக்கு ஒன்று."

இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.