கடன்கொடுத்தோர்

கம்பனி கைமாறியது வியாழக்கிழமை.
சூரிச்சிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவரும் ரோல்ஸைக் கடித்துப் பார்க்கவில்லை.
பத்தொன்பது மில்லியன் பிராங்குக்குக்
கையொப்பமிட்டுவிட்டு
நாலு மணி ரயிலைப் பிடித்தார்கள்.

சனி காலை கனகேந்திரன் என்னை வரச்சொன்னார்.
லாங்கன்தால் முழுக்கப் பனிப்புகார்.
ஒரு காலத்தில் வெள்ளம் வந்தால்
ஆற்றைத் தெருவுக்குள் திறந்துவிடுவார்களாம் இங்கே.
அதற்குத்தான் நடைபாதைகள் இத்தனை உயரம்.
மேலே நின்றவருக்குக் கால் நனையாது.
நான் கீழே தெருவோடு நடந்து போனேன்,
சும்மாதான்.

"மங்களேஸ், ஒரு வரி எழுத வேணும்.
ரெண்டு மில்லியன். ஏழையளுக்கு.
நன்கொடை எண்டு போடு,
வரியிலையும் கழியும்."

இருபத்தேழு வருடமாக நான் எழுதும் கணக்கு இது.
நன்கொடை என்றால் செலவு.
கொடுக்காமலும் விட்டிருக்கலாம் என்று பொருள்.
கொடுத்தே ஆகவேண்டியது என்றால்
அது வேறு பக்கம்,
அதன் தலைப்பு கடன்கொடுத்தோர்.
"எந்தப் பக்கத்திலை?" என்று கேட்டேன்.

கோபம் வந்தது அவருக்கு. நியாயமான கோபம்.
"நான் ஆரிட்டைக் களவெடுத்தனான்?
பெயரைச் சொல்லு."

சொல்ல முடியாது.
சம்பளம் ஒரு மாதமும் பிந்தியதில்லை.
ஓய்வூதியம், விபத்துக் காப்புறுதி,
பதின்மூன்றாம் மாதச் சம்பளம்
எல்லாம் என் கையால் கட்டியது.
குளிரறை பழுதான ஓகஸ்டில்
நாலாயிரம் கிலோ இறைச்சிக்கு நடுவில்
அவர் குந்தியிருந்து அழுததும் தெரியும்.
அதற்கும் விலை உண்டு.
பத்தொன்பதில் அது எத்தனை?

நீல மட்டைக் கொப்பியை எடுத்தேன்.
தொண்ணூற்றாறு. இருபது பேர் சீட்டு.
ஆளுக்கு மாதம் ஐந்நூறு.
மூன்றாம் மாதம் தேவமலரின் முறை.
ஹோட்டலில் தட்டுக் கழுவிய தேவமலர்
"உனக்குத்தானே அவசரம்" என்று
விட்டுக்கொடுத்த மூன்றாம் மாதம்.
பத்தாயிரம்,
முதலாவது மா குழைக்கும் மெஷின்.

பதினெட்டாம் மாதம் காசு அவளுக்குப் போயிற்று.
கையெழுத்து இருக்கிறது. கணக்கு முடிந்தது.
இடையில் பதினைந்து மாதம்
அவள் எதைத் தள்ளிவைத்தாள் என்பதற்குக்
கொப்பியில் நிரல் இல்லை.

"அவ இப்ப எங்கை?"
"பேர்னிலை. ரெண்டு முழங்காலும் போச்சு.
சமூக உதவிக் காசு."
"ஒரு கவர் அனுப்புவம்."
"வாங்கமாட்டா அண்ணை.
கடனெண்டு சொன்னால் வாங்குவா."

கீழே மண்டபத்தில் சனிக்கிழமை ஷிப்ட்.
லூர்தெஸ் வெங்காயம் வெட்டுகிறாள்,
தெஸ்ஃபாய் தட்டு அடுக்குகிறான்.
இவர்கள் ஒரு சீட்டும் கட்டவில்லை.
ஒரு கொப்பியிலும் இல்லை.
மாசியில் இந்த மண்டபம் மூடப்படும் என்பது
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்.

"அவைக்கும் கடனோ?" என்றார்.
கேலியாகத்தான் தொடங்கினார்.
முடிக்கும்போது குரல் வேறு.

நானும் சொல்லிவிட வேண்டும்.
என்னிடம் ஒன்றரை வீதம் பங்கு.
பங்கு என்ற சொல்லை
அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.
வியாழன் இரவு அந்தப் பங்குக்கு
லுகானோவில் பல்கனி வைத்த வீடு தேடியிருந்தேன்.
எந்தப் பக்கம் என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

"பென்சிலாலை போடு," என்றார் கடைசியில்.

கடன்கொடுத்தோர் பக்கத்தில் போட்டேன்.
தொகை, பிறகு தேவமலர்,
பிறகு நீளமாக ஒரு கோடு.
ஆய்வாளர் திங்கட்கிழமை பற்றுச்சீட்டுக் கேட்பார்,
அந்தக் கோட்டுக்கு யார் கையெழுத்து வைப்பார்கள்
என்று எனக்குத் தெரியாது.
அதன் அடியில் என் ஒன்றரையையும் எழுதப் போனேன்.
பென்சில் மழுங்கிவிட்டது
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே மெஷின் நின்றது.
பத்தரை. தேநீர்.
பதினைந்து நிமிடம். அதற்குச் சம்பளம் உண்டு,
என் கணக்கில் இருக்கிறது.