ஒன்றரை அடிக் கல்

பழையபேட்டையில் மலை மறைக்கிற பக்கம் எங்கள் வீடு.
செல்போனில் ஒற்றைக் கோடு,
அதுவும் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்றால்.
ஃபைபர் வந்தது.
வந்தது கம்பம் இருக்கிற பக்கம்,
அதாவது ஓரகத்தி பக்கம்.

பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் எழுந்த சுவர் கருங்கல்.
குவாரியில் மிச்சமானது, சும்மா கிடைத்தது,
ஒன்றரை அடி கனம்.
செங்கல் என்றால் வைஃபை தானாகவே வந்திருக்கும்.
ஆறு வருடத்தில் இதைத் தாண்டி வந்தது
ஓட்டு இடுக்கு வழியாகக் கடுகு தாளிக்கிற வாசனை,
அப்புறம் ஒருமுறை ஒரு தேள்.

ரேஷன் கடை வரிசையில் பேசி முடித்தோம்
நானும் நாகவேணியும்,
பாமாயில் பாக்கெட்டைப் பார்த்தபடி.
மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஆளுக்குப் பாதி.
மிச்சம் அந்த ஒரு ரூபாய்?
"ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான்."
புருஷன்மாரிடம் அவரவர் சொல்லிக்கொள்வது.

துளை போட வந்தவர் நவாஸ்.
மூன்று பிட் ஒடிந்தது.
நான்காவது ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தது.
கல்தூள் சாமிப்படம் வரை பறந்து
முருகனுக்கும் ஒரு பட்டை விபூதி.
மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தபோது
வெளிச்சத்தில் ஒரு கண் இருந்தது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
கேபிளுக்குத் தேவையானதைவிடத் துளை பெரிது.
"கல்லு இப்படித்தான் உடையும்," என்றார் நவாஸ்.

கேபிள் முனையில் எட்டு நூல்.
நானே கிளிப் அடித்தேன்;
மாங்கூழ் ஃபாக்டரிக்குக் கணக்கெழுதுகிறவள்,
வரிசை தப்பினால் என்ன ஆகும் என்று தெரியாதா.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை,
இதன் பின்னால் பச்சை வராது, நீலம் வரும்,
வெள்ளை நீலம்,
அப்புறம்தான் பச்சை,
கடைசியில் பழுப்பு இரண்டும்.
ஒரே முறுக்கில் இருந்த பச்சை இரண்டும்
இடையில் வேறு ஜோடியை விட்டுத் தள்ளி நிற்பது ஏன்
என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.
முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும்.
மூன்றாவதில் விளக்கு சிமிட்டியது.

இரண்டு நாள்தான்.
அவர்கள் ரூட்டர் எண் கொடுக்க,
எங்கள் பழைய ரூட்டரும் எண் கொடுக்க,
ஒரே தெருவில் கதவிலக்கம் எழுத
இரண்டு பேர் டப்பாவோடு கிளம்பின மாதிரி.
என் லேப்டாப்புக்கும் அவர்கள் டிவிக்கும் ஒரே எண்.
இங்கே கணக்கு நின்றது, அங்கே சீரியல் நின்றது.
"ஒரு பக்கம் அணைச்சிடுங்க," என்றார் நவாஸ் போனில்.

மாதேஷ் விடவில்லை.
"நம்ம வீட்டுச் சாமானுக்கு
அவன் எதுக்கு நம்பர் போடணும்?"

அவர் கடை திறக்கப் போனதும்
ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன்.
அன்றிலிருந்து எங்கள் டிவி, என் லேப்டாப்,
மாதேஷ் சட்டைப்பையில் கிடக்கிற செல்போன்,
எல்லாம் திம்மராயன் வீட்டுப் பெட்டி கொடுத்த எண்ணில் ஓடுகின்றன.
அவருக்குத் தெரியாது.
நெட் இப்போ நல்லா வருது என்கிறார்.

ஜூன் இரவு. தோத்தாபுரி சீசன்.
லாரி கிளம்புமுன் பில் கையில் வேண்டும்.
எங்களிடம் பிரிண்டர் இல்லை,
ஆனால் பட்டியலில் ஒன்று இருந்தது.
கை தவறி அழுத்தினேன் என்று சொல்லலாம்.
கை தவறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கர்ரென்று ஒரு சத்தம்.
நின்றது. மறுபடி கர்ர்.
விளக்கு போடும் சத்தம், செருப்பு,
பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை.
அவ்வளவு நேரம் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே
கேபிளை ஒட்டினாற்போல் துளையிலிருந்து
சுருட்டிய காகிதம் நீண்டது.
பிடித்து இழுத்தேன். மூன்று தாள்.
கடைசித் தாளின் பின்புறம் பால்பாயிண்டில்:

டோனர் தீரப் போகுது. ஆயிரத்து நூறு. பாதி உன்னுது.
ஏழாவது வரி கூட்டல் தப்பு.

கூட்டிப் பார்த்தேன்.
தப்புதான்.