மேற்படி

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு.
கொச்சியிலிருந்து வள்ளத்தோடு வந்த பதினொரு பேர் உள்ளே.
எனக்கு வராந்தாவில் ஒரு மேசை, வெப்பமானி,
கோடு போட்ட நோட்டு.

குறும்பனையில் வெயில் நேராக விழுவது
இந்த வராந்தாவில்தான் என்று
மழையில் ஊறிய அடக்கப் பதிவேட்டையும்
கோயிலிலிருந்து கொடுத்துவிட்டார்கள்.
காய்கிறபோதே படிக்கிறேன்.

கொல்லம் 1052, கர்க்கடகம்.
சூசைமிக்கேல் மகள் அந்தோணியாள், வயது ஆறு, வாந்திபேதி.
மரியசவேரியான், வயது நாற்பது, மேற்படி.
அவன் பெண்சாதி, மேற்படி.
பெயர் தெரியாத சுமட்டுக்காரன், மேற்படி.
ஒரு பக்கம் முழுக்க மேற்படி.
பிறகு எழுதுகிறவருக்கு அதுவும் நீளமாகி
௸
௸
௸

ஓரத்தில் மட்டும் முழு வாக்கியம்:
‘தெற்குக் கிணறு பூட்டியது. சாவி என் கைவசம்.’

அடுத்த பக்கத்தில் கையெழுத்து வேறு.
கணக்கெழுதும் லாசர்பிள்ளை, வயது ஐம்பத்திரண்டு, ௸.
அதன் கீழே:
‘சாவி அகப்படவில்லை.’

அவ்வளவுதான்.
பூட்டியதால் பிழைத்தவர் எத்தனை,
தண்ணீருக்கு அலைந்து விழுந்தவர் எத்தனை,
அதற்குக் கட்டம் போடவில்லை யாரும்.
பூட்டை உடைத்தவன் பெயரும் இல்லை.
இரண்டு வருஷம் தள்ளி
எட்டு மாதக் குழந்தை ஒன்று, காய்ச்சல்.
அப்படியானால் இடையில் யாரோ பிறந்திருக்கிறார்கள்.

ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து நசரேன் கேட்கிறான்,
‘யக்கா, இன்னும் எத்தற நாளு?’
‘ஒம்பது.’
‘தவசுகாலம் கணக்கா நாப்பது ஆக்கிராதயும்.’
முன்பு சில துறைமுகங்களில் கப்பலை
நாற்பது நாள் வெளியிலேயே நிறுத்தினார்கள் என்று
பயிற்சியில் சொன்னார்கள். அவனிடம் சொல்லவில்லை.

ஊர்முகப்பில் வலைவடத்தைக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள்.
அந்திக்கு அதன் மறுபக்கம் வந்து நிற்பாள் பெர்னதெத்,
மரச்சீனியும் சாளைக் குழம்பும் தூக்குவாளியில்.
வடம் கட்டியவன் அவள் தம்பிதான்.
முடிச்சைப் பார்த்தே யார் கையென்று சொல்லிவிட்டாள்.
வாளியை மணலில் வைத்துப் பத்தடி பின்வாங்குவாள்,
நான் போய் எடுப்பேன்.
சூடு ஆறியிருக்காது.

ராத்திரிக் கணக்கு.
நசரேன், தொடர்பு, காய்ச்சல் இல்லை.
இருதயதாசன்,
பேனா தானாகவே ‘மே’ என்று தொடங்கியது.
அடித்துவிட்டு எழுதினேன்:
தொடர்பு, காய்ச்சல் இல்லை, மீன் முள் குத்தின விரல், வலது.
பதினொரு பேருக்கும் இப்படியே. கை கடுத்தது.

அறைச்சாவி
இத்தனை நாளும் என் சேலைத் தலைப்பில் கிடந்தது.
அவிழ்த்தேன்.
கடைசி வரியில்,
வெளிச்சம் போதாமல் கொஞ்சம் கோணலாக:

சாவி, வராந்தா, மேற்கு ஆணியில்.
எல்லாருக்கும் தெரியும்.