ஓரங்கட்டுதல்

ஊசி கூடாது என்றார்
டுலூத் நீதிமன்ற வாசலில் காவலர்.
ஊசியில்லை, தறி என்றேன்.
முழ நீளம். நீல பிளாஸ்டிக். முப்பத்தொரு முளை.
புரட்டிப் புரட்டிப் பார்த்தவர்
பல்லு போன சீப்பா என்று கேட்டு
உள்ளே விட்டார்.
கொக்கியை மட்டும் பிடுங்கி
சாவிகளும் பேனாக்கத்திகளும் கிடந்த தட்டில் போட்டார்.

சிகரெட்டை விட்டுப் பதினான்கு மாதம்.
கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.
துறைமுகத்தில் இடைவேளைதோறும் நான் பின்னுவதைப் பார்த்து
வயிறு வலிக்கச் சிரித்த ரெய்னோ
இப்போது நான் கொடுத்த கழுத்துத்துணியோடுதான்
கிரேன் ஏறுகிறான்.

ஜூரி அறை, மூன்றாம் நாள்.
சன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது.
மேசையில் ஆறிய காப்பி, பன்னிரண்டு கோப்பை.
பதினொருவர் ஒரு பக்கம்;
எதிரே லோர்னா சுண்ட்வால்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
படகுக் கொட்டகையை எரித்தது அந்தப் பையன்தான்,
சிவப்புச் சட்டையைக் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது,
இன்னும் என்ன என்கிறார்கள்.
நானும்தான் என்கிறேன்.

என் பின்னல் முடிகிற இடம் அது.
முதல் முளையிலும் இரண்டாவதிலும் ஒரு சுற்று.
இரண்டாவதின் கண்ணியைத் தூக்கி
முதலாவதின் தலையில் மாட்ட வேண்டும்.
அடிக்கண்ணியை மேற்கண்ணிக்கு மேலாகத் தாண்டவிட்டு
மிஞ்சிய ஒன்றைக் காலியான முளைக்கு நகர்த்த வேண்டும்.
கொக்கிக்குப் பதில் பேனா மூடியின் காது.
ஒவ்வொரு முளையாக மொட்டையாகிறது.

"அந்த மஞ்சள் விளக்கடியில்
என் பேருந்தே எனக்கு வேறு நிறம்.
சிவப்பென்று எப்படிச் சொன்னார்?"
யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
யாரோ அவள் முடிக்குமுன்
அடுத்த பேச்சைத் தொடங்கினார்கள்.
நான் நூலை இழுத்தேன்.
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

முப்பத்தொன்றும் கழன்றபின் விரித்துப் பார்த்தால்
துணி அகலமாக இருக்கிறது,
ஓரம் மட்டும்
சுருக்குப்பை வாய் மாதிரி குவிந்து நிற்கிறது.
ரெய்னோவின் தடித்த கழுத்துக்கு இது
கால் சுற்றுகூட வராது.

லோர்னா அதைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
தன் கோப்பையை எடுத்துக்கொண்டு
சன்னல் பக்கம் போய் நின்றாள்.

பிரித்தேன்.
கட்டிய வேகத்தில் பாதிகூட எடுக்கவில்லை பிரிக்க.
முப்பத்தொரு கண்ணியையும் முளைகளில் மறுபடி ஏற்றும்போது
ஒன்று நழுவி மூன்று வரிசை கீழே போய்விட்டது;
அதை மேலே கொண்டுவருவதற்குள்
மதியமாகிவிட்டது.
இந்த முறை நூலை இழுக்கவில்லை.
ஒவ்வொரு கண்ணியிலும்
ஒரு விரல் நுழையும் இடம் விட்டேன்.

கடைசிக் கண்ணி எப்போதும் வம்பு.
மூலையில் நாய்க்காதாய்த் துருத்தும்.
நூலை வெட்டி, அதன் வழியே இழுத்து,
கீழ்வரிசைக் கண்ணியையும் சேர்த்து ஒருமுறை கோத்தால்
காது படியும்.
வால்நூலைப் பின்பக்கமாக நாலு வரிசைக்குள் ஒளித்தேன்.
வெட்ட ஏது கத்தரிக்கோல்,
பல்தான்.

காவலாளி கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார்:
வான்கோழியா, ஹாமா?
பத்துப் பேர் சொன்னார்கள்.
நான் வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு
அந்த விளக்கைப் பற்றிச் சாட்சி சொன்னதை
இன்னொரு தரம் வாசிக்கச் சொல்ல முடியுமா என்றேன்.

அதற்கு எழுதிக் கேட்க வேண்டுமாம்.
என் பேனாவுக்கு மூடி எங்கே போனதென்று தேடினேன்.
லோர்னா தன்னுடையதை நீட்டினாள்.