கண்ணாடிச் சில்லு

மதியம் ஒன்றேகாலுக்குச் சங்கு ஊதும்.
மூன்றாவது சங்குக்கு நான் திருகுவேன்.
வெள்ளைக்கல் எழுந்து
ஒரு நொடி யோசித்து
பிறகு விழும்.

அந்த நொடியில்
அரை மைல் தள்ளி, கரட்டடியில்,
சொக்கநாதர் கோயிலில்
யாரும் தொடாத மணி
ஒரு தரம் முனகும் என்கிறார்கள்.
நான் கேட்டதில்லை.
எனக்கு அப்போது காதில் பஞ்சு.

நந்தி முதுகில் எப்போதும் வெள்ளைப் பூச்சு.
திருநீறா, சுரங்கத்துப் பொடியா,
நாக்கில் வைத்தால்தான் தெரியும்.
வைத்துப் பார்த்திருக்கிறேன்.
இரண்டும்தான்.

அர்த்தமண்டபத்து வடக்குச் சுவரில் விரிசல்.
உத்தரத்தில் தொடங்கி
கல்வெட்டின் நடுவே இறங்கி
யாரோ ஓர் அரசன் எழுதிவைத்த நிலத்தை
இரண்டாகப் பங்கு போட்டு
தரைக்கு வந்துவிட்டது.
ஊர்க் கூட்டத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள்:
மாதையன் விரிசல்.
அன்றிரவு சின்னப்பிள்ளை
சோற்றைத் தட்டில் போடவில்லை,
கொட்டினாள்.

கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும் என்று மனு.
சேலத்திலிருந்து இளநிலைப் பொறியாளர் மணிமொழி வந்தார்.
செவ்வாய்ப்பேட்டையில் படச்சட்டக் கடையில்
அறுத்து வாங்கிய கண்ணாடிச் சில்லு,
விரல் நீளத்தில் மூன்று.
பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து
விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார்.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
"சுவர் அசைஞ்சா இது உடையும்.
கண்ணாடி பொய் சொல்லாதுங்க."
தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அன்றிலிருந்து
குழிக்குக் கால் கிலோ குறைத்தேன்.
யாரும் சொல்லவில்லை.
கல் எருமை எருமையாக விழுந்தது.
சம்மட்டிக்காரர்கள் என் தாயைத் திட்டினார்கள்.
வேலை முடிந்ததும், கையில் மருந்து வாடையோடு
கோயிலுக்கு ஓடுவேன்.
சாமி அப்புறம். முதலில் சில்லு.
முழுசாக இருக்கும்.
கற்பூரத்தட்டை நீட்டியபடி
சபேசக் குருக்கள் சலித்துப்போவார்.
முப்பத்தொன்பது நாள்.

நாற்பதாம் நாள் ஆயுதபூஜை.
துளைபோடும் எந்திரத்துக்குச் சந்தனம்,
டிப்பருக்கு வாழைக்கன்று,
வெடிக்கிடங்குப் பூட்டுக்கும் ஒரு முழம் கதம்பம்.
சங்கு ஊதவில்லை.
ஏற்காட்டு பஸ் கொண்டை ஊசி திரும்பும் ஹாரன்கூட
அன்றைக்கு இங்கே கேட்டது.
சாயங்காலம் பொரிகடலையோடு போனேன்.
நடுச்சில்லு இரண்டாக இருந்தது.

விரிசலுக்குள் விரல் விட்டேன்.
ஈரம்.
மயிர் கனத்தில் ஒரு வேர்.
மேலே விமானத்தில்
எந்தக் காக்கையோ நட்ட அரசு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
ஊரையே கூப்பிட்டுக் காட்டத் தோன்றியது.
பிறகு மனு ஞாபகம் வந்தது.
கம்பெனி பணம் தந்தால்தான் சுவர் நிற்கும்.
அரசமரம் யாருக்கு நஷ்டஈடு தரும்?

திங்கட்கிழமை மணிமொழி நோட்டைத் திறந்தார்.
"எப்ப உடைஞ்சது?"
"வெள்ளிக்கிழமைங்க."
"அன்னிக்கு வெடி இருந்துச்சா?"

குருக்கள் என்னைப் பார்த்தார்.
தர்மகர்த்தா வையாபுரி என்னைப் பார்த்தார்.
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக
ஊர் என்னிடம் கெஞ்சியது,
உன் பழியை நீயே வைத்துக்கொள் என்று.

"கண்ணாடி பொய் சொல்லாதுன்னு
நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அவர் சில்லைப் பார்த்தார், தேதி எழுதினார்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
மை ஒரு புள்ளியாய் ஊறிப் பெருத்தது.
பக்கத்தைத் திருப்பிவிட்டுப்
புதுச்சில்லு கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஒன்றேகால்.
குழிக்கு இன்னுமொரு கால் கிலோ குறைவு.
மூன்றாவது சங்கு.
காதுப் பஞ்சைப் பிடுங்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
திருகினேன்.