தேய்க்க வேண்டாம்

பள்ளிக்கூடக் கூட்டத்தில் இந்த ஆப்பை
ஏற்றிவிட்டவள் முகம்கூட நினைவில்லை.
இடமில்லை, எதையாவது அழி என்று போன் கேட்டபோது
சித்தப்பா மகள் வளைகாப்பை அழித்தேன்.
இது என் சோம்பலில் தப்பியது.

போர்வெல் மேடையில் வழுக்கினான் வேடியப்பன்.
வாயெல்லாம் ரத்தம்.
மண்ணில் முன்பல், வேரோடு.
கூரைமேல் வீசு, முளைக்கும் என்றது பக்கத்து வீடு.
போன வருஷம் முளைத்த பல் அது,
இனி முளைக்காது.

போனுக்குள் ஒருத்தி பதறாமல் சொன்னாள்:
வெள்ளைப் பக்கம் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள்.
வெள்ளையா?
வெள்ளிச்சந்தைத் தண்ணீர் குடித்த பல், அம்மணி,
பழுப்புக் கோட்டோடுதான் வரும்.
என் கல்யாண போட்டோ எதிலும்
உதடு திறந்திருக்காது.

மண் போக நனைத்தபோது
விரல் தானாகக் கறைக்குப் போனது.
தேய்க்க வேண்டாம், என்றாள்.
என் பல்லைப் பார்த்த யாரும்
இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

குழியில் திருப்பி வைக்கக் கை வரவில்லை.
அப்படியானால் பாலில் போடுங்கள்.
டீக்கு வாங்கிய பால், அரை டம்ளர்.
மாதையன் பைக்கை முறுக்க, நடுவில் பையன்,
டம்ளர் வாயில் என் உள்ளங்கை.
பாலக்கோட்டில் தக்காளி லாரிகள் மறித்தன.
சோகத்தூர் வேகத்தடையில் கொஞ்சம் சிந்தியது,
சேலையெல்லாம் பால்வாடை.

எவ்வளவு நேரமாச்சு? தர்மபுரி டாக்டர் கேட்டார்.
ஐம்பது நிமிஷம்.
வைத்தார். கம்பி கட்டினார்.
நிற்குமா?
பார்க்கலாம், என்றார், வேறெதுவும் சொல்லாமல்.

பைக் கண்ணாடியில் வீங்கிய உதட்டைத் தூக்கி
எதையோ தேடினான்.
கோடு இருக்குதும்மா, என்றான்,
என்னுதுதான்.